எனக்கு 108, மாட்டுக்கு 1962

"மாட்டை வித்துப்போடுங்க." எனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு வீட்டுக்கு வந்தவர்களில் இதைச் சொல்லாமல் போனவர் இல்லை. பழம் வாங்கி வந்தவர்களும் சொன்னார்கள், வெறுங்கையோடு வந்தவர்களும் சொன்னார்கள். வாங்கி வந்த பழத்தில் பாதி நான் தொடக்கூடாதது. வாழைப்பழம், சாத்துக்குடி எல்லாவற்றிலும் பொட்டாசியம். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அது ஏறினால் இதயத்தையே நிறுத்திவிடும். பழத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். யோசனையை யாருக்குக் கொடுப்பது?

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே மேட்டாங்காட்டில் எங்கள் சாளை. மூன்று கறவை மாடு, ஒரு எருமை, ஒரு கிடாரி, ஏழெட்டு வெள்ளாடு. கல்யாணமாகி வந்ததிலிருந்து கட்டுத்தரை என் பொறுப்பு. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டன என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்குக் காசில்லை. ஆனால் பஸ், ஆட்டோ, கூட வருகிறவருக்குச் சாப்பாடு, வெளியே வாங்கும் மாத்திரை என்று கை கரைந்துகொண்டே இருக்கும். அந்தச் செலவுக்கு எங்கள் வீட்டில் புழங்கிய ரொக்கம் சொசைட்டியில் வருகிற பால் பணம்தான். மாட்டை விற்றால் ஒரு தடவை பணம் வரும். டயாலிசிஸ் வாராவாரம் வரும்.

இன்னொன்றும் உண்டு. மாடு வைத்திருப்பது பார்க்கிறவருக்கு ஒரு வேலை. வைத்திருக்கிறவருக்கு இருபது வேலை. சாணி அள்ளுவது, தட்டு அறுப்பது, மெஷினில் கொடுத்து நறுக்குவது, தண்ணீர் காட்டுவது, கறப்பது, பால் ஊற்றப் போவது, பருவம் பார்ப்பது, கணக்கு எழுதுவது. நானும் வீட்டுக்காரரும் மருமகளும் ஒரு நாள் சாயங்காலம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அந்த இருபதையும் தனித்தனியாகப் பிரித்தோம். எது என் உடம்புக்கு ஆகும், எது ஆகாது, எது ஆகும் ஆனால் இன்றைக்கு ஆகாது. மூன்றாவது வகைதான் எங்களுக்கு அதிகம் சண்டை மூட்டியது.

அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் ஒரு விஷயம் நடந்திருந்தது. இடது கையில் எனக்கு ஃபிஸ்டுலா போட்டார்கள். ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைத்துவிடுவார்கள். தமனியின் வேகத்தில் ரத்தம் பாயப் பாய அந்தச் சிரை தடித்து, பெரிய ஊசி குத்தத் தோதாக வரும். அதற்கு ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரைக்கும் ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி விடச் சொல்வார்கள். நர்ஸம்மா பந்தைக் கொடுத்து எப்படி என்று காட்டினார். "ஏனுங்கம்மா, முப்பது வருசமா காலைலயும் சாயங்காலமும் அதத்தானுங்க பண்ணிட்டிருக்கறேன்" என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. மாட்டுக் காம்பு என்றதும் சிரித்துவிட்டார். சிரித்ததோடு நிற்காமல் டாக்டரிடமும் போய்ச் சொன்னார். எனக்கு மாடு இருப்பது ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது அப்போதுதான். என்ன சாப்பிடுகிறாய், எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறாய் என்றெல்லாம் கேட்டவர்கள், வீட்டில் என்ன வளர்க்கிறாய் என்று கேட்டிருக்கவில்லை. கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு எனக்குக் கிடைத்த யோசனையே வேறு மாதிரி இருந்தது.

கறக்கலாம் என்றார் டாக்டர். காயம் ஆறியபின் விரலை மடக்கி நீட்டுவது அந்தக் கைக்கு நல்லதுதான். கனம் தூக்கக் கூடாது, அடி படக் கூடாது, கயிறு சுற்றக் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாட்டை அவிழ்த்தால் கயிற்றை இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. நாயைக் கண்டு மாடு ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் போதும். ஃபிஸ்டுலா கிழிந்தால் ரத்தம் தமனி வேகத்தில் பீறிடும். இப்போது அந்தக் கையில் வளையல்கூட இல்லை. பிபி பார்ப்பதும் ரத்தம் எடுப்பதும் மற்றக் கையில்தான். தையல் போட்ட இடத்தில் விரலை வைத்தால் ஜிர்ரென்று அதிரும். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். அதிர்வு நின்றிருந்தால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்; கட்டுத்தரைப் பக்கம் போகாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஆக, எதை விற்பது என்ற கேள்விக்கு விடை தானாக வந்தது. பால் குறைந்ததை விற்கலாம் என்றார் வீட்டுக்காரர். உதைக்கிறதை விற்போம் என்றேன் நான். எருமைதான் உதைக்கும். அதன் பாலில்தான் கொழுப்பு அதிகம், சொசைட்டியில் விலையும் அதிகம். இருந்தாலும் முதலில் போனது அதுதான். பின்னாலேயே, பிடித்துக் கட்ட ஆள் பலம் கேட்கிற மாடு ஒன்றும் போயிற்று. வெள்ளாடுகளை ஊருக்குள் ஒருவரிடம் வாரத்துக்கு விட்டுவிட்டோம். மேய்ப்பு அவருடையது, ஆடு எங்களுடையது, குட்டியில் பாதிப் பாதி. வாரத்துக்கு விடுவது நம் பக்கம் பழைய ஏற்பாடு. நோயாளி வீட்டுக்கு இதைவிடத் தோதான ஏற்பாட்டை எந்த பேங்கும் கண்டுபிடித்ததில்லை. மிஞ்சியது சாதுவான இரண்டு மாடும் கிடாரியும்.

டயாலிசிஸுக்குக் காலை ஷிப்டுதான் முதலில் கிடைத்தது. பால் ஊற்றுகிற நேரமும் அதே நேரம். மதிய ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டேன். இடம் காலியாகச் சில மாதம் பிடித்தது. இப்போது காலைக் கறவையைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுகிறேன். ஆனால் அன்று சாயங்காலம் கட்டுத்தரைக்குள் போவதில்லை. மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து கொடுக்கிறார்கள். அதன் வேகம் குறையும்வரை கொம்பு லேசாகக் கீறினாலும் ரத்தம் சட்டென்று நிற்காது. போதாததற்கு ரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, ஆளே துவண்டு போயிருப்பேன். ஊசி குத்திய இடத்தில் கட்டு இருக்கும்போது சாணிக்கையோடு திரிவதும் ஆபத்து. கட்டு பிரித்து, கை கழுவி, மறுநாள்தான் என் முறை.

அதனால் மருமகள் கறக்கப் பழக வேண்டியதாயிற்று. கை மாறுவது லேசில்லை. கன்று முட்டியதும், பழகிய கை மடியைக் கழுவியதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்கும். அந்த இறக்கம் ஐந்தாறு நிமிடம்தான். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். மிரண்டால் பாலை மேலே இழுத்துக்கொள்ளும். எங்கள் செவலை மாடு மருமகளுக்குப் பாலே விடவில்லை. என் பழைய நூல் சேலையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னேன். நான் தலைமாட்டில் நின்று அலைதாடியைத் தடவிக்கொண்டிருந்தேன். கட்டை விரலை மடக்கி அதன் முட்டியால் காம்பை நெரித்துக் கறந்தாள். "முட்டி போடாத கண்ணு, காம்பு காயமாயிரும். முழுக்கையில புடிச்சு மேல இருந்து அமுக்கு" என்றேன். "வருதில்லீங் அத்தை" என்று அழாத குறை. போசியில் டிங் டிங்கென்று மெல்லிய ஓசைதான் கேட்டது. நான்கைந்து நாள் கழித்து அது சர் சர்ரென்று மாறி நுரை கட்டியபோது, அவளைவிட எனக்குத்தான் தெம்பு வந்தது.

விரலில் வலு இல்லாத நாளில் பிடிவாதமாகக் கறக்க உட்காருவது மாட்டுக்கும் கெடுதல். பாதியில் கை ஓய்ந்து மடியில் பால் தங்கினால் மடிநோய்க்கு வழி விட்ட மாதிரி. மடிநோய்க்கு ஊசி போட்டால் அந்தப் பாலைச் சில நாள் யாருக்கும் ஊற்றக் கூடாது, நஷ்டம் இரட்டிப்பு.

பலம் கேட்கிற வேலைகள் போனபின் எனக்கு மிஞ்சியது கண்ணால் செய்கிற வேலைகள். அவை எத்தனை பெரிய வேலைகள் என்று அதற்கு முன் நான் யோசித்ததில்லை. முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விடச் சொல்லி, திரி திரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அசை போடுகிறதா, சாணி இளகியிருக்கிறதா என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே கவனிப்பேன். பருவம் பார்ப்பது முழுக்க என் வேலை. மாட்டுக்கு 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும், ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. காலையில் கத்தினால் அன்று சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. இதை ஒரு முறை தவறவிட்டால் மூன்று வாரத் தீவனம் வீண். வேலை தலைக்கு மேலே இருக்கிற வீட்டில் தவறுவது பெரும்பாலும் இதுதான். உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் இருக்கிற வீட்டில் தவறாது.

தாகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரு நாளைக்கு அனுமதி, போகிற சிறுநீரின் அளவோடு அரை லிட்டர். காப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். சித்திரை வெயிலில் ஒரு கறவை மாடு 70, 80 லிட்டர் குடிக்கும். அதற்கு நான் குடம் குடமாக ஊற்றிக்கொண்டு நின்றால் என்ன ஆவது? தொட்டிக்கு மிதவை வால்வு போட்டுவிட்டோம். குறையக் குறையத் தண்ணீர் தானே நிரம்பும். என் தாகத்துக்கு உப்பைக் குறைத்ததுதான் பெரிய மருந்து. காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுத்தான் எனக்குச் சமையல். அப்படிச் செய்தால் பொட்டாசியம் குறையும். வடித்த தண்ணீர் கழுநீர்த் தாழிக்குப் போகிறது. எனக்கு ஆகாதது செவலைக்கு ஆகிறது. பால் கறக்கிறவளுக்குப் பால் காப்பிக்கு ஊற்றுகிற அளவுதான், மீறினால் பாஸ்பரஸ் ஏறி உடம்பெல்லாம் அரிக்கும்.

தொற்று விஷயத்தில் பயப்பட வேண்டியதற்குப் பயந்தால் போதும். சிறுநீரகம் பழுதானவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. கோமாரியும் தோல் கழலை நோயும் மாட்டைப் படாதபாடு படுத்தும், நம்மிடம் பெரும்பாலும் வராது. வருவது எலிக் காய்ச்சல். எலி மூத்திரம் மட்டுமின்றி மாட்டின் மூத்திரம் வழியாகவும், காலில் இருக்கிற சிறு வெடிப்பில் நுழையும். நுழைந்தால் தாக்குவதும் சிறுநீரகத்தைத்தான். எனக்குச் சர்க்கரைக் கால் வேறு. மழைக்காலத்தில் கம்பூட்ஸ் இல்லாமல் நான் கட்டுத்தரையில் கால் வைப்பதில்லை. இன்னொன்று புரூசெல்லா. ஆறு, ஏழு மாதச் சினை கலைந்தால் அந்த நோயாக இருக்கலாம் என்றே நினைக்க வேண்டும். விழுந்ததையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், அதுவும் நோயாளி அல்லாத வேறு ஒருவர். கிடேரிக் கன்றுகளுக்கு நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அது உயிருள்ள கிருமி ஊசி என்பதால் போடும்போது நான் தள்ளி நிற்கிறேன். பச்சைப் பால் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

வீட்டிலேயே செய்கிற டயாலிசிஸ் ஒன்று இருக்கிறது. வயிற்றில் குழாய் வைத்து, நாளுக்கு மூன்று நான்கு தடவை இரண்டு லிட்டர் திரவத்தை ஏற்றி இறக்குவது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பஸ் அலைச்சல் இல்லை, ஹெப்பாரின் பயம் இல்லை. மாடு வைத்திருப்பவருக்கு இதுவே மேல் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முகமூடி கட்டி, கையைத் தேய்த்துக் கழுவிச் செய்ய வேண்டும். தூசி போனால் வயிற்றுக்குள் சீழ் பிடித்துவிடும். எங்கள் வீட்டில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுப்போர், இந்தப் பக்கம் படுக்கை. எங்களுக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டோம். தனி அறை உள்ளவர்கள் டாக்டரிடம் கட்டாயம் கேட்டுப் பார்க்கலாம்.

மாட்டுக்காக டயாலிசிஸைத் தள்ளிப்போடுவது மட்டும் கூடாது. வார இறுதியில் வருகிற நீண்ட இடைவெளியே எங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்தானது. அதைக் கையால் இன்னும் நீட்டுவானேன்? செவலைக்கு வலி எடுத்தது நான் கிளம்புகிற நாளில்தான். நீர்க்குடம் உடைந்து இரண்டு கால் தெரிந்தது, மூக்கு தெரியவில்லை. "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார் வீட்டுக்காரர். கண்ணால் பார்க்கிற வேலை என்னுடையது என்று அடம்பிடித்து நின்றேன். கடைசியில் மருமகள் என்னைப் பஸ் ஏற்றிவிட்டு 1962க்குப் போன் போட்டாள். நடமாடும் கால்நடை ஆஸ்பத்திரி வண்டிக்கு உண்டான நம்பர் அது. எங்கள் வீட்டுச் சுவரில் 108க்குக் கீழே கரியால் எழுதியிருக்கிறது. மெஷினில் படுத்திருந்தபோது போன் வந்தது. தலை திரும்பியிருந்ததைச் சரிசெய்து எடுத்தார்களாம், கிடேரிக் கன்றாம். "நஞ்சுக்கொடி உழுந்துச்சா?" என்று நான் கத்தியதில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருக்கிறேன். கிடைத்தால் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் இன்னும் அடக்கிவிடுவார்கள். முதல் சில மாதங்களாவது கட்டுத்தரையை மறந்துவிட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார் டாக்டர். பழைய கிடாரி இப்போது சினை. ஐப்பசி மழையில் ஈனும். அதற்குள் கறவை மெஷின் வாங்கிவிடலாம் என்கிறாள் மருமகள். முதலில் கட்டுத்தரைக்கு மூத்திரம் வடிகிற மாதிரி சிமெண்டுத் தளம் போட வேண்டும் என்கிறேன் நான். இரண்டுக்கும் சேர்த்துப் பணமில்லை என்கிறான் மகன். ஆடி நோம்பிக்கு எல்லாரும் வருவார்கள், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம்.