உங்களுக்குத் தெரியுமா? டிராகனைக் காணோம், தாமஸ் வருகிறார்!

பனிமலை உச்சி. வானம் கிடுகிடுக்கிறது. டிராகன்தான் என்று வில்லை வளைத்து நிமிர்ந்தால், நெருப்பைக் கக்கியபடி பறந்து வருவது கார்ட்டூன் ரயில் எஞ்சின் தாமஸ்! அதே நீலம், அதே சிரிப்பு! ‘ஸ்கைரிம்’ வீடியோ விளையாட்டுக்கு ஒரு ரசிகர் செய்து போட்ட மாட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கோப்பு) இது. இன்னொரு மாட், டிராகனுக்கு மல்யுத்த வீரர் ராண்டி சாவேஜின் தலையையே மாட்டிவிட்டது. எது வேண்டும், நீங்களே முடிவு பண்ணுங்கள்!

ஸ்கைரிம் வெளிவந்த தேதியைக் கவனியுங்கள்: 11-11-11! அடுத்த பிப்ரவரியிலேயே ‘கிரியேஷன் கிட்’ என்ற மாட் செய்யும் கருவியை ரசிகர்கள் கையில் கொடுத்துவிட்டது ஸ்கைரிமைச் செய்த பெதஸ்டா நிறுவனம். காசே வாங்காமல்!

அப்புறம் என்ன? 2016-ல் வந்த ஸ்பெஷல் எடிஷனுக்கு மட்டும் நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் மாட்கள்! தினம் ஒன்று போட்டுப் பார்த்தாலும் 270 வருஷம் போதாது!

அந்த நெக்ஸஸ் தளம் பிறந்தது எப்போது தெரியுமா? 2001! ஸ்கைரிமின் தாத்தா ‘மாரோவிண்ட்’ கடைக்கு வருவதற்கு முன்னாலேயே!

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. மாரோவிண்ட் வெளிவந்தது 2002 மே மாதம். அந்த விளையாட்டில் இல்லாத நிலப்பரப்பை எல்லாம் நாமே கட்டிவிடலாம் என்று ‘டாம்ரியல் ரீபில்ட்’ குழு கிளம்பியது 2001-ல்! பெண் பார்ப்பதற்கு முன்பே பந்தக்கால் நட்ட கதை! கட்டுமானம் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. சம்பளம்? சல்லிக்காசு கிடையாது!

சரி, மாட் போட ஆசை வந்துவிட்டதா? முதல் எச்சரிக்கை: விளையாட்டை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் போடாதீர்கள்! விண்டோஸ் அங்கே காவல்காரனாக நின்று கோப்புகளைத் தொடவிடாது. வேறு எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்தது!

மாட்களை நிர்வகிக்கும் ‘மாட் ஆர்கனைசர் 2’ கருவி ஒரு பலே கில்லாடி! நீங்கள் 500 மாட்கள் போட்டாலும் விளையாட்டின் ஃபோல்டரில் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொன்றும் தனித்தனி ஃபோல்டரில் தூங்கும். விளையாட்டு ஓடும்போது மட்டும் எல்லாம் உள்ளே இருப்பதுபோல ஒரு மாயத்தோற்றம் காட்டும். ஸ்கைரிமையே ஏமாற்றுகிற மந்திரவாதி!

எத்தனை மாட் போடலாம்? பழைய ஸ்கைரிமில் பிளக்-இன், அதாவது மாட்டின் தரவுக் கோப்பு, உச்சவரம்பு 255. அதற்கு மேல் ஒன்று கூட ஏறாது! 2017-ல் ‘லைட்’ பிளக்-இன் வந்தது. ஒரே ஒரு இடத்துக்குள் எத்தனை அடங்கும் தெரியுமா? 4,096!

இரண்டு மாட்கள் ஒரே பொருளில் கை வைத்தால் ஜெயிப்பது எது? பெரியதா? புதியதா? இல்லை, பட்டியலில் கடைசியில் நிற்பது! இதற்குப் பெயர்தான் லோட் ஆர்டர். இந்த வரிசை பிசகினால் வரும் வேடிக்கையைக் கேளுங்கள். ஊர்க்காரி ஒருத்தி. அவள் முகத்தை அழகாக்க ஒரு மாட், உடுப்பை மாற்ற இன்னொரு மாட். உடுப்பு மாட் வரிசையில் கடைசியில் நின்று ஜெயிக்கிறது. முகத்தின் படக்கோப்போ முதல் மாட் கொடுத்தது. இரண்டும் ஒட்டவில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே சாம்பலும் கரியும் குழைத்துப் பூசிய நிறம்! அந்தக் கோலத்திலேயே உங்களிடம் வந்து சாவகாசமாக ஊர்க்கதை பேசுவாள்! சரிசெய்ய அரை நிமிஷம் போதும். வரிசையை மாற்றுங்கள், முகம் தெளிந்துவிடும்.

சுவரெல்லாம் பளீரென்று ஊதா நிறமா? பேய் பிசாசு இல்லை. சுவர்மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சர் கோப்பைக் காணோம், அவ்வளவுதான்!

வரிசைப்படுத்த நேரமில்லையா? ‘லூட்’ என்று ஒரு மென்பொருள். ஒரே சொடுக்கு, நூற்றுக்கணக்கான பிளக்-இன்கள் மளமளவென்று வரிசையில் நிற்கும்!

எங்களுக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இது. பிளக்-இன்களின் உள்ளே புகுந்து பார்க்கும் கருவி ‘எக்ஸ்-எடிட்’. அதன் கோப்புப் பெயரில் ஸ்கைரிமின் சுருக்கெழுத்தைப் போட்டால் ஸ்கைரிம் கருவி. பெயரை மாற்றி ‘ஃபால்அவுட்’ என்ற இன்னொரு விளையாட்டின் சுருக்கெழுத்தைப் போடுங்கள், ஃபால்அவுட் கருவி! உள்ளே ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்!

கம்ப்யூட்டர் வேகமாக ஓடினால் சந்தோஷம்தானே? ஸ்கைரிமில் இல்லை! நொடிக்கு 60 ஃபிரேமைத் தாண்டினால் இயற்பியல் விதியே குழம்பிவிடும். வீட்டுக்குள் காலை வைத்ததும் தட்டு, கோப்பை, பாலாடைக்கட்டி எல்லாம் மேஜையிலிருந்து எகிறிப் பறக்கும்! நல்லவேளை, அதற்கும் மாட் இருக்கிறது.

வந்த புதிதில் ஸ்கைரிம் 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் தொடவே தொடாது. ரசிகர்கள் பூட்டை உடைத்து 4 ஜிபி ஆக்கினார்கள். 2011 டிசம்பரிலேயே நிறுவனமும் அதே வழிக்கு வந்தது!

ஸ்பெஷல் எடிஷனில் மாட் போட்டால் ‘அச்சீவ்மென்ட்’ பதக்கங்கள் கிடைக்காது. அதனாலென்ன? பதக்கங்களை மீட்டுத் தரவும் ஒரு மாட்!

2021 நவம்பர் 11. பத்தாம் ஆண்டு விழாப் பதிப்பு! கூடவே விளையாட்டின் நிரல் புதிதாகத் தொகுக்கப்பட்டது. ‘ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்’ என்ற துணைக் கருவியை நம்பியிருந்த மாட்கள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன! ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய பதிப்புக்கே திரும்பிப் போகும் கருவியைச் செய்துவிட்டார்கள்! பிறந்தநாள் கேக்கைத் திருப்பி அனுப்பியவர்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருக்கும்.

பாதி ஆட்டத்தில் ஒரு மாட் பிடிக்கவில்லையா? தூக்கி எறியாதீர்கள்! அதன் ஸ்கிரிப்ட் உங்கள் சேவ் கோப்புக்குள் ஆவியாக அலையும். 60 மணி நேர ஆட்டம் திடீரென்று படுத்துக்கொள்ளும். தொடங்கும் முன்பே தீர்மானம் செய்துவிடுவது உத்தமம்.

பிளேஸ்டேஷன் 4-ல் ஸ்கைரிம் வைத்திருக்கிறீர்களா? ஐயோ பாவம்! மாட்களுக்கு 1 ஜிபி மட்டும். வெளியிலிருந்து புதுப் படம், புது ஒலி எதையும் கொண்டுவரக் கூடாது. எக்ஸ்பாக்ஸ் ஒன்காரர்களுக்கு? 5 ஜிபி!

இனிகோ என்று ஒரு நீல நிறப் பூனை மனிதன். மாட் வழியாக வரும் தோழன். அவன் பேசும் வசனங்கள் எத்தனை? 7,000-க்கு மேல்! வாய் ஓயவே ஓயாது!

‘ஸ்கைரிம் பாட்டி’ என்று உலகம் கொண்டாடும் ஷர்லி கரி அமெரிக்காக்காரர், 1936-ல் பிறந்தவர். அவரையே துணைப் பாத்திரமாக்கி ஒரு மாட் வந்தது. குரல் கொடுத்தவர்? சாட்சாத் பாட்டியேதான்!

அலெக்சாண்டர் வெலிக்கி என்ற 19 வயதுப் பையன். பெதஸ்டாவில் வேலை வாங்கியே தீருவது என்று ‘ஃபால்ஸ்கார்’ என்ற தனித் தீவையே கட்டினான். 2,000 மணி நேர உழைப்பு, 29 குரல் நடிகர்கள்! 2013-ல் வெளியிட்டான். வேலை கிடைத்ததா? கிடைத்தது! ஆனால் பெதஸ்டாவில் இல்லை, ‘ஹேலோ’ புகழ் பங்கி நிறுவனத்தில்!

ஆஸ்திரேலியாவில் ஒரு வக்கீல், நிக் பியர்ஸ். 1,700 மணி நேரம் உட்கார்ந்து ‘தி ஃபர்காட்டன் சிட்டி’ என்ற மாட் எழுதினார். 2016-ல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது! ஒரு மாட்டுக்கு இலக்கியக்காரர்கள் விருது! மனிதர் வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார். 2021-ல் அதே கரு தனி விளையாட்டாகவே கடைக்கு வந்தது.

ஜெர்மனியின் ஷ்யூர்-ஏஐ குழு இன்னும் ஒரு படி மேல்! 2016-ல் ஸ்கைரிமின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘எண்டெரால்’ என்று புது உலகம், புதுக் கதை, புதுப் பாத்திரங்கள். விலை? பூஜ்ஜியம்!

மாட்களுக்கு விலை வைத்தும் பார்த்தார்கள். 2015 ஏப்ரல் 23 அன்று ஸ்டீம் கடையில் விற்பனை ஆரம்பம். செய்தவருக்குப் பங்கு வெறும் 25 சதவீதம்! ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். ஏப்ரல் 27-ல் கடை மூடல். ஆயுள் நான்கே நாள்!

நூற்றுக்கணக்கான மாட்களைத் தானாகவே இறக்கி, தானாகவே நிறுவும் ‘வாபஜாக்’ கருவியை மறக்கலாமா? விளையாட்டில் பித்தர்களின் கடவுள் வைத்திருக்கும் மந்திரக்கோலின் பெயர் அது. அந்தக் கோலால் அடித்தால் எதிரி கோழியாகவும் மாறலாம், அரக்கனாகவும் மாறலாம்! நிறுவும் கருவிக்கு வைக்கிற பெயரா இது?

கடைசியாக ஒன்று. 2025 ஏப்ரல் 22 அன்று, இதே வரிசையில் வந்த ‘ஒப்லிவியன்’ விளையாட்டின் மறுபதிப்பு முன்னறிவிப்பே இல்லாமல் வெளியானது. மாட்களுக்கு ஆதரவு கிடையாது என்று சொல்லிவிட்டது பெதஸ்டா. முதல் மாட்கள் வந்தது எப்போது?

அன்றைக்கே!