தலையில் நடலாம்... தழும்பு விடுமா?

முடியைப் பங்கிட்டுக் கொடுத்ததில் ஆண்டவன் பெரிய ஓரவஞ்சனைக்காரர். காது மடலில் கேட்காமலே கொடுக்கிறார். மூக்குக்குள்கூட தாராளம். உச்சந்தலையில் மட்டும் 'ஸ்டாக் இல்லை' என்று போர்டு மாட்டிவிடுகிறார்.

எனக்கு வயது இருபத்தொன்பது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் உத்தியோகம். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். போட்டோ எடுக்கப் போனால் ஸ்டூடியோக்காரர், "மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க சார்... இன்னும் கொஞ்சம்..." என்கிறார். எதை மறைக்கப் பார்க்கிறார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணிக்கிட்டா போச்சு!" என்றார் பக்கத்து சீட் நண்பர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். என் கதையில் ஒரு வில்லன் இருக்கிறான். சட்டை பட்டனைக் கழற்றினால்தான் தெரிவான்.

பிளஸ் டூ படிக்கும்போது நெஞ்சு நடுவில் ஒரு பரு வந்தது. பரு போய்விட்டது, தழும்பு போகவில்லை. போகாதது மட்டுமில்லை, வளர்ந்தது! இன்று கட்டை விரல் நீளத்துக்குப் பளபளவென்று தடித்துக் கிடக்கிறது. வெயில் நாளில் அரிப்பு வேறு. இடது தோளில், குழந்தையில் பி.சி.ஜி. ஊசி போட்ட இடத்தில் இவனுக்கு ஒரு தம்பியும் உண்டு. டாக்டர்கள் இதைக் கீலாய்டு என்கிறார்கள்.

ஒரு பருவுக்கே இந்த ஆர்ப்பாட்டம் என்றால், தலையில் ஆயிரக்கணக்கில் துளை போட்டால்? சீட்டு எடுத்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் விசாரித்தது இதைத்தான். என்னைப் போன்றவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நண்டுக் கொடுக்கு

நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்தத் தழும்புக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் இருந்த அலிபேர் என்ற தோல் டாக்டர்தான் 1800-களின் தொடக்கத்தில் இதற்குப் பெயர் சூட்டியவர். பார்க்கப் புற்று மாதிரி இருந்ததால் முதலில் புற்றை ஒட்டியே ஒரு பெயர் வைத்தார். பிறகு, 'இது புற்று இல்லையப்பா' என்று மாற்றினார். புதுப் பெயருக்கு மூலம், நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தழும்பு பக்கவாட்டில் கொடுக்கு நீட்டிப் பரவுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

காயம் பட்டால் அதை மூட உடம்பு 'கொலாஜன்' என்ற நாரை உற்பத்தி செய்கிறது. மூடியதும் வேலையை நிறுத்த வேண்டும். சிலர் உடம்பில் நிறுத்தச் சொல்லும் மேஸ்திரி சரியில்லை. சுவர் எழும்பிய பிறகும் செங்கல் அடுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். கறுத்த தோல்காரர்களுக்கு இது அதிகம். குடும்பத்தில் இருந்தாலும் வரலாம். பத்து வயதிலிருந்து முப்பது வரை, அதாவது காது குத்தி, பரு வந்து, பெண் பார்க்கும் வயது வரை, இவன் ரொம்பச் சுறுசுறுப்பு. நெஞ்சு, தோள், காது மடல், தாடை ஆகியவை இவனுக்குப் பிடித்த இடங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். தடித்த தழும்பெல்லாம் கீலாய்டு அல்ல. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து, வருடக்கணக்கில் மெல்ல அடங்குவது வேறு ஜாதி. எல்லை தாண்டிப் பக்கத்து மனையை ஆக்கிரமிப்பதுதான் கீலாய்டு. உங்களுடையது எது என்று தோல் டாக்டரிடம் கேட்பதுதான் முதல் வேலை. பலருடைய பயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நாற்று நடவு

முடி நடவு அடிப்படையில் நம் வயல் வேலைதான். பின்தலை முடிக்கு வழுக்கை ஹார்மோனைத் தாங்கும் குணம் உண்டு. இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் போகாது. நியூயார்க் டாக்டர் நார்மன் ஒரென்ட்ரைக் 1950-களில் இதை நிரூபித்தார். அதற்கு முன்பே, 1939-ல், ஜப்பானில் ஒகுடா என்ற டாக்டர் முடியோடு தோலைத் துண்டு துண்டாக எடுத்து நட்டு எழுதியிருந்தார்.

இன்று நாற்று பறிக்க இரண்டு வழி. பின்தலையில் ஒரு பட்டைத் தோலையே வெட்டியெடுத்துத் தையல் போடுவது ஒன்று. இதை எஃப்.யூ.டி. என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள துளைப்பானால் வேர் வேராகப் பிடுங்குவது இன்னொன்று. இது எஃப்.யூ.இ. முதலாவதில் நீளக் கோடாகத் தழும்பு. இரண்டாவதில் புள்ளி புள்ளியாக. 'தழும்பே இல்லை' என்று எவராவது சொன்னால், அவர் விற்க வந்தவர்.

எனக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார். "கீலாய்டா? தலையில அதெல்லாம் வராது சார். இந்த மாசம் ஆஃபர் இருக்கு, அட்வான்ஸ் போட்டுடுங்க" என்றார். நெஞ்சுத் தழும்பை அவர் பார்க்கவே இல்லை. என் பர்ஸைப் பார்த்தார்.

டாக்டர் சொன்ன கணக்கு

அட்வான்ஸ் போடாமல் ஒரு மூத்த தோல் டாக்டரிடம் போனேன். சட்டையைக் கழற்றச் சொன்னார். பிறகு பின்கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"முடி போனது முன்னாடி டாக்டர்."

"தெரியுது தம்பி. பறிக்கப் போறது பின்னாடிதானே?"

நியாயம்! பின்கழுத்தில் முடி முடியும் இடத்தில் சில ஆண்களுக்குச் சின்னச் சின்னக் கட்டிகள் வரும். ஒட்ட ஷேவ் செய்தால் அதிகமாகும். நாளாக ஆக அதுவே கீலாய்டு மாதிரி தடித்துவிடும். அது இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம். எனக்கு இல்லை.

"அந்தாளு சொன்னதுல பாதி உண்மை. நெஞ்சு, தோள் மாதிரி தலையில சுலபமா வராது. ஆனா வரவே வராதுன்னு யாரும் பாண்டுப் பத்திரம் எழுதித் தர முடியாது. உனக்குப் பட்டையா வெட்டுற முறை வேண்டாம். தையல் இழுக்கும், இழுவை இருக்கிற இடத்துல தழும்பு தடிக்கும்."

"துளை போடுறது சின்னக் காயம்தானே டாக்டர்?"

"பரு என்ன பெரிய காயமா? பி.சி.ஜி. ஊசி என்ன கத்திக் குத்தா?"

என்னிடம் பதில் இல்லை.

வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். கீலாய்டின் மேல் முடி முளைக்காது. அரிக்கும், வலிக்கும். வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, பெரும்பாலும் திரும்ப வரும், சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, மாதத்துக்கு ஒன்றாகப் பல மாதம் போட்டு அமுக்க வேண்டும். முன்தலையில் முடி வாங்கப் போய், பின்தலையில் இருந்ததையும் தொலைத்த கதை ஆகிவிடும்.

"அப்போ எனக்குக் கொடுப்பினை இல்லையா?"

"ஒரு வழி இருக்கு. ஒத்திகை. வெளியே தெரியாத இடத்துல பத்து இருபது வேர் மட்டும் எடுத்து நட்டுப் பார்க்கணும். எடுத்த இடம், நட்ட இடம் ரெண்டையும் கவனிக்கணும். குறைஞ்சது ஆறு மாசம், ஒரு வருஷம் பொறுத்தா இன்னும் நல்லது. கீலாய்டு உடனே வராது, மாசக்கணக்குக் கழிச்சும் தலை தூக்கும். ஒத்திகை பாஸானாலும் நூத்துக்கு நூறு உத்தரவாதம் கிடையாது. ஃபெயிலானா விட்டுடலாம், நஷ்டம் ரெண்டு புள்ளியோட போகும்."

"அதுக்குள்ள கல்யாணம் வந்துடுமே டாக்டர்!"

"அவசரத்துக்கு நட்டாலும் கதை அதுதான். நட்ட முடி முதல் சில வாரத்துல உதிரும். அப்புறம் மூணு நாலு மாசத்துல முளைக்கும். முழுசாத் தெரிய ஒன்பது மாசம், ஒரு வருஷம் ஆகும்."

அதுவரை மருந்து இருக்கிறது. மினாக்சிடில், ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். ஃபினாஸ்டிரைடு, புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்தது. வழுக்கைக்கு அமெரிக்காவில் 1997-ல் அனுமதி கிடைத்தது. சிலருக்கு ஆண்மை சம்பந்தப்பட்ட பக்கவிளைவு உண்டு என்பதால் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். முடி இருப்பதுபோல் தலையில் புள்ளிப் பச்சை குத்தும் வித்தையும் இருக்கிறது. அதுவும் ஊசிதான் என்பதை என் போன்றவர்கள் மறக்கக் கூடாது.

கேட்டுவிட்டுப் படுங்கள்

2016 மே மாதம் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தே போனார். அது தழும்பு விவகாரம் அல்ல. ஆனாலும் இது சலூன் வேலை இல்லை, ஆபரேஷன் என்பதை ஊருக்கே உணர்த்திய சம்பவம். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்துக் கற்றுக்கொள்வது இதற்குப் போதிய பயிற்சி அல்ல என்று எழுதியே வைத்தது. எழுத வேண்டி வந்ததே, அதை யோசியுங்கள்!

ஆகவே, மேஜையில் படுப்பதற்கு முன் நாலு கேள்வி. துளை போடப்போவது டாக்டரா, உதவியாளரா? மயக்க மருந்தில் கோளாறு என்றால் சமாளிக்க ஆளும் கருவியும் இருக்கிறதா? என் பழைய தழும்புகளைப் பார்த்தீர்களா? ஒத்திகைக்குச் சம்மதமா? நாலாவது கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

போன மாதம் என் காதுக்குப் பின்னால் பதினைந்து வேர் நட்டார் டாக்டர். தினமும் விரலால் தடவிப் பார்க்கிறேன். பெண் வீட்டாருக்கு மோவாயைத் தூக்காத போட்டோவையே அனுப்பச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத்தான் மனசில்லை. "கொஞ்ச நாள் பொறுத்து அனுப்பலாமே" என்றாள்.

"தலையப் பார்த்து வேணாங்கறவங்க, நெஞ்சுத் தழும்பைப் பார்த்தா என்ன சொல்வாங்கம்மா? இப்பவே தெரிஞ்சிக்கட்டும்" என்றேன்.

மறுநாள் போட்டோ போய்விட்டது. பதினைந்து வேரும் சரி, பெண் வீடும் சரி, பதில் சொல்ல அவகாசம் கொடுத்திருக்கிறேன்.