காதில் பாட்டு, கண்ணில் புது ஸ்டேஷன்!

பெங்களூர் வாழ் தமிழர்களுக்கு ரயில் நிலையம் என்றதும் இரண்டு இடங்கள்தான் நினைவுக்கு வரும். ஒன்று மெஜஸ்டிக்கில் உள்ள சிட்டி ஸ்டேஷன். மற்றொன்று கண்டோன்மெண்ட். நம் பாட்டன்மார் அதை 'தண்டு ஸ்டேஷன்' என்பார்கள். 1864-ம் ஆண்டு ஜோலார்பேட்டையில் இருந்து பெங்களூருக்கு ரயில் பாதை வந்தபோது, அது வந்து சேர்ந்த இடம் அதுதான்.

இப்போது மூன்றாவதாக ஒரு பெயரையும் நாம் மனதில் பதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுதான் பையப்பனஹள்ளியில் உள்ள சர் எம்.விசுவேசுவரய்யா டெர்மினல்.

நான் ரயில்வேயில் பேனா பிடிக்கிறவன். அந்த ஸ்டேஷனின் பெயரை எத்தனையோ தடவை காகிதத்தில் எழுதியிருக்கிறேன். ஆனால் நேரில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். அதுவும் ஓடிக்கொண்டே போய்ப் பார்த்தேன்!

டாக்டர் சொன்ன மருந்து

ஓடிப்போனதற்குக் காரணம் உண்டு. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாவுக்கு என்ன வருமோ, அது எனக்கும் எட்டிப் பார்த்தது. "சர்க்கரை வாசல் வரை வந்துவிட்டது. தினமும் மெதுவாக ஓடுங்கள்" என்றார் டாக்டர்.

முதல் வாரம் இரண்டு தெரு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. "காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடுங்கள் சார்" என்று யோசனை சொன்னார், எங்கள் அலுவலகத்து இளைஞர் ஒருவர். போனில் இளையராஜா பாட்டுகளைப் போட்டுக்கொண்டு ஓடினேன். 1976-ல் 'அன்னக்கிளி' வந்த காலத்துப் பாட்டுகளில் இருந்து எல்லாம் அதில் இருந்தன. என்ன ஆச்சரியம்! காக்ஸ் டவுனைச் சுற்றி வந்தபோதும் கால் வலி தெரியவில்லை.

இது வெறும் மனப்பிரமை அல்ல. 1911-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் லியோனார்டு அயர்ஸ் என்பவர் இதைக் கணக்கெடுத்து எழுதினார். நியூயார்க்கில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடந்தது. பாண்டு வாத்தியம் முழங்காத நேரத்தில் வீரர்கள் மணிக்கு 17.9 மைல் வேகத்தில் போனார்கள். வாத்தியம் முழங்கியபோது அதே வீரர்கள் 19.6 மைல் வேகத்தில் போனார்கள்.

லண்டன் புரூனல் பல்கலைக்கழகப் பேராசிரியர் காஸ்டாஸ் கராஜார்ஜிஸ் இது பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நிமிடத்துக்கு 120 முதல் 140 தாளம் வரை உள்ள பாட்டுகள் உடற்பயிற்சிக்குப் பொருத்தமானவை என்பது அவர் முடிவு. மிதமான வேகத்தில் ஓடுகிறவருக்கு, பாட்டு கேட்டால் களைப்பு சுமார் 10 சதவீதம் குறைவாகத் தோன்றுமாம்.

காரணம் என்ன? மனிதனின் கவனம் ஓர் அளவுக்கு உட்பட்டது. பாட்டு அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. உடம்பு அனுப்பும் 'வலிக்கிறது, நில்' என்ற சேதிக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். களைப்பு போய்விடவில்லை, நமக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடைசி வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று காலை நான் மறந்தது அதைத்தான்.

விமான நிலையமா, ரயில் நிலையமா?

அன்று மதுரையில் இருந்து என் தாயார் நாகர்கோவில் வண்டியில் வருவதாக ஏற்பாடு. 'ஓடியது போலவும் ஆயிற்று, அம்மாவை அழைத்து வந்தது போலவும் ஆயிற்று. திரும்பும்போது ஆட்டோவில் வந்துவிடலாம்' என்று கணக்குப் போட்டு, காதில் பாட்டுடன் கிளம்பிவிட்டேன்.

ஸ்டேஷன் முன்னால் போய் நின்றதும் அசந்துபோனேன். கண்ணாடியும் வளைந்த கூரையுமாக எழுந்து நிற்கிறது கட்டிடம். பெங்களூர் விமான நிலையத்தைப் பார்த்துத்தான் இதை வடிவமைத்தார்களாம். சுமார் 314 கோடி ரூபாய் செலவு. முழுவதும் குளிர்சாதன வசதி செய்யப்பட்ட இந்தியாவின் முதல் ரயில் முனையம் என்று அறிவிக்கப்பட்டது இதுதான்.

மொத்தம் 7 பிளாட்பாரங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக ஒரு மேம்பாலமும் இரண்டு சுரங்கப் பாதைகளும் உண்டு. 900 இரு சக்கர வண்டிகளும் 250 கார்களும் நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். 2022-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி இங்கிருந்து புறப்பட்ட முதல் வண்டி, சேலம், ஈரோடு, கோவை வழியாகப் போகும் எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ். ஆக, முதல் வண்டியே நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டுதான் போயிருக்கிறது!

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அங்கே போய்ச் சேருவது அவ்வளவு சுலபம் அல்ல. பையப்பனஹள்ளி மெட்ரோ ஸ்டேஷன் 2011-லேயே வந்துவிட்டது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பி, மூட்டை முடிச்சுடன் அங்கே இறங்கித் திண்டாடியவர்கள் பலர். இரண்டும் அடுத்தடுத்து இல்லை. ஆட்டோவில் ஏறும்போது 'டெர்மினல்' என்று அழுத்திச் சொல்லுங்கள். கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அம்மா எங்கே?

'வண்டி எங்கே நேரத்துக்கு வரப்போகிறது!' என்ற எண்ணம் எனக்கு. ரயில்வே ஊழியனே இப்படி நினைத்தது வெட்கக்கேடு. கூரையையும் பளபளக்கும் தரையையும் பார்த்தபடி, பாட்டின் தாளத்துக்கு நடை போட்டுக்கொண்டிருந்தேன். கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வந்திருக்கிறது. என் காதில் விழுந்ததோ தபேலா மட்டும்.

வண்டி சரியான நேரத்துக்கே வந்துவிட்டது!

அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. கையில் போன் கிடையாது. கூட வந்தவர்கள் எல்லாரும் போய்விட, பிளாட்பாரத்தில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கோலார் தங்கவயல் தமிழர், விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு, அம்மாவைக் கைப்பிடியாக வெளியே அழைத்து வந்திருக்கிறார். என்னைப் பார்த்து மூன்று முறை கூப்பிட்டாராம். நான் திரும்பவில்லை. கடைசியில் தோளைத் தட்டினார்.

"ஏண்ணா, இவங்க உங்க அம்மாவா? எவ்ளோ நேரமா கூப்பிடறேன்!"

அம்மா என் காதில் தொங்கிய ஒயரைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "பாட்டு நல்லா இருந்துச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார். நான் தலை குனிந்து நின்றேன்.

ஒரு வினாடிக்கு 28 மீட்டர்

என் அலட்சியத்துக்கு முக்கால் மணி நேரக் கவலையோடு போயிற்று. எல்லாருக்கும் அப்படி இராது. வேலைக்கு நேரமாகிறது என்று, காதை அடைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற நம் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் சுமார் 28 மீட்டர் தாண்டிவிடும். டிரைவர் பிரேக் போட்டாலும் உடனே நிற்காது. ஹாரன் ஒன்றுதான் அவர் கையில் உள்ள ஆயுதம். அதையும் பாட்டு விழுங்கிவிட்டால்?

தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. அபராதத்தைக் கட்டிவிடலாம். ஊரில் மணியார்டரை எதிர்பார்த்திருந்து, இப்போது போனில் பணம் வரும் ஓசைக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

ஓசை கேட்ட பெரியவர்

அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த விசுவேசுவரய்யா, 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்தவர். 1955-ல் பாரத ரத்னா பெற்ற என்ஜினீயர். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒருநாள் இரவு ரயிலில் போகும்போது சக்கரத்தின் ஓசை மாறியதைக் கவனித்து, சங்கிலியைப் பிடித்து இழுத்தாராம். இறங்கிப் பார்த்தால், சற்று தூரத்தில் தண்டவாளம் பழுதாகி இருந்ததாம். நடந்ததோ, வழிவழியாகச் சொல்லும் கதையோ, அவர் பெயர் தாங்கிய ஸ்டேஷனில் நான் காதை அடைத்துக்கொண்டு நின்றேன்!

இப்போதும் ஓடுகிறேன். பாட்டும் கேட்கிறேன். ஆனால் ஒரு காதில் மட்டும். தண்டவாளம் கண்ணில் பட்டால் அதையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிடுகிறேன்.

பாட்டு அடுத்த தெருவில் காத்திருக்கும். ரயில் காத்திருக்காது.