நிலத்தடி நாணயமும் உலோகங் காட்டுங் கருவியும்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள எஸ்ஸெக்ஸ், சஃபோக், நார்ஃபோக் மாவட்டங்களில் அறுவடை முடிந்து மறுபயிர் எழும்புமுன், உழுத வயல்களில் சிலர் காதில் ஒலி கேட்கும் கருவி பூட்டி, நீண்ட கோலின் நுனியிலுள்ள வட்டத் தட்டைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டு மெல்ல நடப்பதைக் காணலாம். இவர்களுள் அமெரிக்காவிலிருந்து இதற்கென்றே கடல் கடந்து வருபவரும் உளர். பழைய நாணயமொன்றைத் தம் கையாலேயே மண்ணிலிருந்து எடுக்க வேண்டும் என்னும் வேட்கையே இவர்களை அழைத்து வருகிறது. கி.பி. 43-ல் பிரிட்டன்மீது படையெடுத்த ரோமானியர் முதலில் தலைமையிடமாகக் கொண்ட கோல்செஸ்டரைச் சூழ்ந்த வயல்களில் அத்தகைய நாணயம் அகப்படுவது அரிதன்று. பயணங்களை ஏற்பாடு செய்வோர் நில உடைமையாளரிடம் முன்னரே அனுமதி பெற்றிருப்பர்.

கருவியின் தத்துவம் எளியது. வட்டத் தட்டினுள் இரு கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்றில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அதனால் தோன்றும் காந்தப்புலம் மண்ணுள் ஊடுருவுகிறது. வழியில் உலோகம் இருப்பின் அதனுள் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை உண்டாக்கும் சிறு காந்தப்புலத்தை இரண்டாவது சுருள் உணர்ந்து ஒலியாக்குகிறது. சுழல் மின்னோட்டத்தை வகுப்பில் விளக்க விரும்பும் ஆசிரியர், செப்புக் குழாயொன்றைச் செங்குத்தாகப் பிடித்து வலிய காந்தத்தை அதனுள் விடலாம். செம்பு காந்தத்தை ஈர்ப்பதில்லை. எனினும் காந்தம் தயங்கித் தயங்கியே இறங்கும். 1881-ல் குண்டடிபட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு தங்கிய இடத்தை அறிய கிரகாம் பெல் இத்தகைய கருவியையே பயன்படுத்தினார்; முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடிகளைத் தேட போலந்து அதிகாரி கோசாக்கி அமைத்த கருவியும் இவ்வினத்ததே.

வெள்ளி, செம்பு, இரும்பு ஆகியவை தரும் மறுமொழி ஒன்றுபோல் இராது. ஆதலால் இரும்பாணிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். ஆயின் மெல்லிய பொற்காசும் கசங்கிய அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தருவதுண்டு. எதுவெனத் தோண்டித்தான் அறிய வேண்டும்.

தோண்டும் ஆழமே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒரு நாணயத்தைக் கருவி பொதுவாக இருபது, முப்பது சென்டிமீட்டர் ஆழம்வரையே காட்டும். ஏரோட்டத்தால் பல தலைமுறைகளாகப் புரண்ட மேல்மண்ணின் கனமும் ஏறக்குறைய அவ்வளவே. அம்மண்ணில் கிடக்கும் காசு தன் பழைய படிவத்தை ஏற்கெனவே இழந்துவிட்டது; கலப்பையும் உரமும் அதனை மேலும் சிதைக்கும். அதனை எடுப்பதால் பெரும் நட்டமில்லை, எடுத்த இடம் குறிக்கப்படுமாயின். ஒரு வயலில் எங்கெங்கே எந்தெந்தக் காலத்துக் காசு கிடந்தது என்று படத்தில் புள்ளியிட்டால், சுவர் ஒன்றும் எஞ்சாத ஊரோ சந்தையோ கோயிலோ தெரியவரும். ஆனால் புரளாத கீழ்மண்ணுக்குள் கருவி ஒலி காட்டினால், அங்கே தோண்டுவோன் ஓர் ஏட்டை வாசியாமலே கிழிப்பவன் ஆவான்.

1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்ன் கிராமத்தில் நிகழ்ந்தது இதற்கு நல்ல சான்று. குடியானவர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்க அவருடைய நண்பர் கருவியோடு சென்றார். சில வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் வெளிப்பட்டவுடன், மேலே தோண்டாமல் நிறுத்தி அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாளே ஆராய்ச்சியாளர் வந்து முறையாக அகழ்ந்தனர். பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்களும் இருநூறளவான பொன், வெள்ளிப் பொருள்களும் கிடைத்தன. அவற்றைவிட அரியது, உளுத்துப்போன ஓக் மரப் பெட்டியின் தடம் மண்ணில் தங்கியிருந்ததுதான். எப்பொருள் எதன்மேல் இருந்தது, பாத்திரங்களிடையே வைக்கோல் திணித்திருந்தது என்பனவெல்லாம் தெரிந்தன. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமர் ஆட்சி தளர்ந்த நாளில், யாரோ தம் செல்வத்தை நிதானமாக அடுக்கிப் புதைத்திருக்கின்றனர். அதில் மிளகுச் செப்புகள் நான்கு. அவற்றுள் ஒன்று சீமாட்டியின் உருவில் வார்க்கப்பட்டது. மிளகு இந்தியாவிலிருந்தே அங்குச் சென்றிருக்க வேண்டும். கண்டவரும் அக்குடியானவரும் பதினேழரை இலட்சம் பவுன் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். தேடப்போன சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் இன்று பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையில்தான் இருக்கிறது!

சர்ரே மாவட்டத்து வான்பரோவின் கதை வேறு. அங்கிருந்த ரோமானியர் காலக் கோயில் நிலத்தை 1980-களில் இரவோடிரவாகப் பலர் தோண்டினர். ஆயிரக்கணக்கான காசுகள் கைமாறி மறைந்தன. அவை காணிக்கையாக எவ்விதம் இடப்பட்டன என்பதை இனி எவராலும் கூறவியலாது. பழைய சட்டப்படி, மீண்டும் எடுக்கும் எண்ணத்தோடு புதைத்த பொன்னும் வெள்ளியுமே அரசுக்குரிய புதையல். அவ்வெண்ணத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எளிதன்று. இக்குறையே 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்கு வழிகோலியது. அதன்படி, முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள்களையும் நாணயத் தொகுதிகளையும் கண்டவர் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பொருட்காட்சிச்சாலை எடுத்துக்கொண்டால் சந்தை மதிப்பு பரிசாகக் கிடைக்கும். புதையல் வகையில் சேராத தனிக்காசுகளை விருப்பத்தின் பேரில் பதிந்துகொள்ள 1997-ல் ஒரு திட்டமும் தொடங்கிற்று. அதன் பதிவேட்டில் பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. வெளிநாட்டுப் பயணி தான் கண்ட காசை உடனே பையிலிட்டு ஊர் திரும்ப இயலாது. பிரிட்டிஷ் மண்ணில் கிடைத்த ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள், அரைக்காசு பெறாததாயினும், ஏற்றுமதி உரிமத்தோடுதான் வெளியேற வேண்டும்.

சட்டம் இருந்தும் மீறுவோர் உண்டு. 2015-ல் ஹியர்ஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே இருவர் வைக்கிங் காலப் புதையலொன்றைக் கண்டு மறைத்தனர். சுமார் முந்நூறு காசுகள் இருந்திருக்கலாம் என மதிக்கப்படுகிறது. முதலில் மீட்டவை முப்பதளவே. அவற்றில் வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரடும் மெர்சியா அரசர் சியோல்வுல்ஃபும் கூட்டாக வெளியிட்ட காசுகள் இருந்தன. பிற்கால நூல்கள் சிறுமைப்படுத்திய சியோல்வுல்ஃபை, ஆல்ஃபிரடுக்கு நிகரான கூட்டாளியாக அவை காட்டுகின்றன. 2019-ல் இருவருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விற்றுச் சிதறிய ஏனைய காசுகள் வேறென்ன கூறியிருக்குமோ?

எல்லா நாடுகளும் இங்கிலாந்தைப் போல இடந்தருவதில்லை. அயர்லாந்திலும் பிரான்சிலும் அரசாங்க அனுமதியின்றித் தொல்பொருளைக் கருவி கொண்டு தேடுவதே குற்றம். நம் நாட்டில், 1958-ஆம் ஆண்டின் சட்டத்தால் காக்கப்பட்ட இடங்களில் உரிமமின்றி அகழக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் சட்டம், தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. இவ்விரண்டுக்கும் மூத்தது 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. அவ்வறிவிப்பில் பொருளின் தன்மையோடு, கிடைத்த இடமும் நாளும் குறிக்கப்பட வேண்டும். கிணறு வெட்டும்போதோ ஏரோட்டும்போதோ காசுக்கலயம் வெளிப்பட்டதாகக் குடியானவரோ மாணவரோ வந்து சொன்னால், களப்பணியாளர் அதனைப் புளியிட்டு விளக்கவோ கழுவவோ விடாமல், ஒட்டிய மண்ணோடும் உடைந்த கலயத்தோடும் வைத்துக்கொண்டு, இடத்தையும் ஆழத்தையும் அன்றே எழுதி அனுப்புதல் வேண்டும்.