உங்களுக்குத் தெரியுமா? செத்தும் சாகாத மம்மிகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடமேற்றுக் கதை வளர்க்கும் அல்லது பொம்மைப் படைகளை மோதவிடும் கற்பனை விளையாட்டுகளில் மம்மிகளுக்கு நிரந்தர இடம் உண்டு. மறுமையை நம்பிப் படுத்த அந்த மம்மிகளுக்குக் கிடைத்தது என்ன?

● ‘வார்ஹாமர்’ என்ற படைமோதல் விளையாட்டின் உலகத்தில் நெஹேகாரா என்ற பாலைவன நாடு. அதன் பேரரசன் செட்ராவுக்குச் சாவதில் விருப்பமே இல்லை. சாகாமலிருக்க வழி தேடச் சொல்லி ஒரு பூசாரிக் கூட்டத்தையே அமர்த்தினான். வழி கிடைக்கவில்லை, வாக்குறுதிதான் கிடைத்தது: உடலைப் பதப்படுத்தி வைக்கிறோம், ஒருநாள் பொன்மேனியோடு கண்விழித்துச் சொர்க்கபூமியை ஆள்வீர்கள் என்றார்கள். நம்பிச் செத்தான். நாகாஷ் என்ற மந்திரவாதி மாபெரும் சடங்கு நடத்தி அந்த நாட்டுப் பிணங்களையெல்லாம் எழுப்பியபோது செட்ராவும் எழுந்தான். பார்த்தால், பொன்மேனியைக் காணோம். வற்றிய தோலும் துணிச்சுற்றும்தான். நாடும் பாழ்.

● கூத்து அதோடு முடியவில்லை. ஒரே நகரத்தை ஆண்ட பல தலைமுறை அரசர்கள் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள்! பாட்டனும் பேரனும் கொள்ளுப்பேரனும் ‘அரியணை எனக்கே’ என்று மோதிக்கொள்ள, அத்தனை பேரையும் அடக்கினான் செட்ரா. தலைமைப் பூசாரி காட்டெப்பை நாடுகடத்தினான். கொடுத்த வாக்கை நிறைவேற்ற வழி கண்டுபிடிக்காமல் அவர் திரும்பக் கூடாது. என்னைக் கேட்டால், நியாயமான கோபம்.

● நிஜ மம்மிகளிடம் வருவோம். பண்டைய எகிப்தியர் உடலைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கு வழியே எடுத்து எறிந்துவிடுவார்கள். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவை ஜாடிகளுக்குப் போகும். இதயத்தை மட்டும் பெரும்பாலும் உடலிலேயே விட்டுவிடுவார்கள். மறுமையில் மாஅத் தேவியின் இறகுக்கு எதிர்த்தட்டில் அதை வைத்து நிறுப்பார்களே! கனத்தால், முதலைத் தலை கொண்ட அம்மிட் அதை விழுங்கிவிடும்.

● ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதைத் தலைகீழாக்கிவிட்டது. 2014 விதிப்படி ‘மம்மி லார்ட்’ என்ற பெரிய மம்மியின் இதயமும் ஜாடிக்குள்தான். உடலை வெட்டினாலும் எரித்தாலும் 24 மணி நேரத்தில் இதயத்தின் அருகிலேயே புது உடல் முளைத்துவிடும். ஆட இருப்பவர்கள் முதலில் ஜாடியைத் தேடுங்கள்.

● அதே விளையாட்டின் 1977 ‘மான்ஸ்டர் மேனுவல்’ புத்தகத்தில் ஒரு விநோத விதி: இறந்தவரை உயிர்ப்பிக்கும் மந்திரத்தை மம்மிமேல் ஏவி, மம்மி அதற்குத் தாக்குப்பிடிக்காவிட்டால், சாதாரண மனிதனாகிவிடும்.

● பொதுவாக இத்தகைய விளையாட்டுகளில் ஆட ஆடப் பாத்திரத்தின் வலிமை கூடும். ‘மம்மி: தி கர்ஸ்’ விளையாட்டு நேர் எதிர். மம்மி எழும்போது சக்தி உச்சத்தில் இருக்கும். தான் யார் என்ற நினைவோ ஏறக்குறைய சூனியம். சக்தி வடிய வடியத்தான் ஞாபகம் திரும்ப முடியும். எகிப்திய இறந்தோர் நூலில் வரும் 42 நீதிபதிகளும் இதில் உண்டு. இத்தனையிலும் கூர்மையான யோசனை, சக்தி குறையக் குறைய நினைவு திரும்புவதுதான்.

● செட்ராவுக்கு உண்மையிலேயே மறுபிறவி கிடைத்தது. 2015-ல் பழைய வார்ஹாமர் உலகமே மூடப்பட்டது; 2024-ல் அதே உலகத்தில் நடக்கும் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ விளையாட்டு வெளியானபோது, செட்ராவின் கல்லறை அரசர்களின் பொம்மைப் படையும் கடைக்குத் திரும்பியது.