ஒரு பை இரத்தம், அஞ்சு சோதனை! தெரியுமா?

புசல்லாவைக்காரர்களுக்குத் தரம் பார்க்கச் சொல்லித் தரவேண்டுமா என்ன? 1841-லேயே சீனத்துத் தேயிலைக் கன்று ஊன்றிய ரொத்சைல்ட் தோட்டம் நம்மூரில்தானே இருக்கிறது! கொழுந்துக்குள் முற்றல் இலை கிடந்தால் கணக்கப்பிள்ளை சும்மா விடுவாரா? குடிக்கிற தேத்தண்ணீருக்கே இத்தனை சலிப்பு என்றால், ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குப் போகும் இரத்தத்தை எப்படியெல்லாம் சலிப்பார்கள்? வாயைப் பிளக்கத் தயாராகுங்கள்!

மூழ்கினால் பாஸ்!
இரத்ததான முகாமில் விரல் நுனியைக் குத்தி, ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விடுவார்களே, கவனித்திருக்கிறீர்களா? அது மயில்துத்தம் கரைத்த நீர்! சொட்டு 15 வினாடிக்குள் மூழ்கினால் இரத்தத்தில் சத்து போதும். மிதந்தால் வீட்டுக்குப் போய்க் கீரை சாப்பிட வேண்டியதுதான்!

முதல் சொட்டுகள் பைக்குப் போகாது!
ஊசி ஏறியதும் வருகிற முதல் 30 மில்லிலீற்றர் அளவு இரத்தத்தைத் தனிச் சிறு பைக்குத் திருப்பிவிடும் வசதி இன்று பல இரத்தப் பைகளில் உண்டு. ஏன் தெரியுமா? எவ்வளவு துடைத்தாலும் தோலில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அந்த முதல் ஓட்டத்தோடு வந்துவிடுமாம்! ஆனால் அது வீணாவதில்லை. பரிசோதனைக் குழாய்களை நிரப்புவது அதே இரத்தம்தான்!

ஆண்டுக்கு 20 இலட்சம் சோதனை!
இலங்கையில் ஒவ்வொரு பையிலும் தேடப்படும் நோய்கள் எத்தனை? ஐந்து! எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் பி, ஹெப்படைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. நாட்டில் ஓராண்டில் சேர்வது சுமார் 4 இலட்சம் பை. பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும்!

இல்லாத நோய்க்கும் காவல்!
2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா ஒன்றுகூட இல்லாததால், 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழே கொடுத்துவிட்டது. பிறகு ஏன் இன்னும் சோதனை? வெளிநாடு போய் வருபவர் கொண்டுவரலாம் அல்லவா! குளிர்ப்பெட்டியில் வைத்த இரத்தத்திலும் மலேரியாக் கிருமி நாட்கணக்கில் உயிரோடு இருக்கும், பொல்லாதது!

ஒரு சதம்கூடக் கிடையாது!
2014-ல் இலங்கை ஒரு சாதனையைத் தொட்டது. சேர்ந்த இரத்தம் முழுவதும், 100 சதவீதமும், காசு வாங்காமல் கொடுக்கப்பட்டது! இதற்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? காசுக்குக் கொடுப்பவருக்கு நோயை மறைக்க ஆசை வரும். சும்மா கொடுப்பவருக்கு மறைத்து ஆகப்போவது என்ன?

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று!
1960-களில் அமெரிக்காவில் புளூம்பெர்க் என்ற ஆய்வாளர் தேடியது கிருமியையே அல்ல! மனிதருக்கு மனிதர் இரத்தப் புரதம் எப்படி மாறுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளி ஒருவரின் இரத்தம், எங்கோ ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தத்தோடு வினைபுரிந்தது. அந்தப் புதிர்தான் ஹெப்படைடிஸ் பி-யைக் காட்டிக்கொடுத்தது! 1976-ல் நோபல் பரிசு. இன்னொரு அதிசயம் கேளுங்கள்! அன்று அவரோடு உழைத்த ஹார்வி ஆல்டர், ஹெப்படைடிஸ் சி ஆய்வுக்காக 2020-ல் தானும் நோபல் வாங்கினார்!

வீட்டுக் குளிர்ப்பெட்டியில் எச்.ஐ.வி.!
இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. எங்கே பிடிபட்டது தெரியுமா? தமிழ்நாட்டில்! 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, சேகரித்த இரத்த மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே வைத்திருந்தார்! பிறகு இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். சோதித்தபோது 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது தொற்று! நாடே ஆடிப்போனது! தானம் பெற்ற இரத்தத்தில் எச்.ஐ.வி. சோதனை 1989-ல் அங்கே கட்டாயமானது.

ஒன்று 100 கோடியாகும் வித்தை!
கிருமியின் மரபணுத் துணுக்கு ஒன்றே ஒன்று இருந்தால் எப்படிப் பிடிப்பது? அதை இரட்டிப்பார்கள். இரண்டு, நான்கு, எட்டு... 30 முறை இரட்டித்தால் 100 கோடியைத் தாண்டிவிடும்! பழைய எதிர்ப்பொருள் சோதனையில் ஹெப்படைடிஸ் சி தட்டுப்பட ஏறத்தாழ 2 மாதமாகும். இந்த மரபணுச் சோதனைக்கு ஒரு வாரமளவு போதும்! எச்.ஐ.வி.-க்கு 3 வாரம் சுமார் 10 நாளாகக் குறைகிறது!

கோட்டை விட்டால் என்னவாகும்?
பிரித்தானியாவில் 1970-க்கும் 1991-க்கும் இடையில் இரத்தத்தாலும் இரத்தப் பொருட்களாலும் எச்.ஐ.வி., ஹெப்படைடிஸ் சி தொற்றியவர்கள் 30,000 பேருக்கு மேல்! முழு விசாரணை அறிக்கை வெளிவந்தது எப்போது? 2024-ல்தான்!

எல்லாவற்றையும் மிஞ்சிய சோதனை!
மரபணுச் சோதனைக்கே தொற்றிய முதல் சில நாட்கள் கண் தெரியாது. ஒரே பை சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிந்து 3 பேருக்குப் போகக்கூடும். அப்படியானால் அந்த இருட்டு நாட்களில் காவல் யார்? நீங்கள் நிரப்பும் படிவம்! இயந்திரத்துக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும் அல்லவா?

18 முதல் 60 வயதுக்குள்ளா? கடைசியாகக் கொடுத்து 4 மாதமாகிவிட்டதா? அடுத்த முகாமுக்கு அடையாள அட்டையோடு போங்கள்! தொற்று இருக்குமோ என்று மனதில் சந்தேகமா? அதைத் தெரிந்துகொள்ள இரத்ததானம் செய்யாதீர்கள். அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் இலவசமாக, இரகசியமாகச் சோதிக்கலாம். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பையில் முதலில் ஏறவேண்டியது உண்மை, பிறகுதான் இரத்தம்!