திரை விலகும் வரை காத்திருக்கும் ஒளி

ஷட்டர் வேகம் 1/4000 நொடி வரை உண்டு என்று விளம்பரப்படுத்தப்படும் கேமரா, ஃபிளாஷைப் பொருத்தியதும் 1/200 அல்லது 1/250 நொடியைத் தாண்ட மறுப்பதைக் கண்டு, ஃபிளாஷ் அவ்வளவு மெதுவானது போலும் என்று எண்ணிவிடுவோர் உண்டு. நிலைமை நேர்மாறானது. கேமராவின் மேல் பொருத்தப்படும் சிறிய மின்னணு ஃபிளாஷ், முழு ஆற்றலில் இயங்கும்போதும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் தன் ஒளியில் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. ஆற்றலைக் குறைத்தால் அந்த நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. தடை ஷட்டரில்தான் இருக்கிறது.

பெரும்பாலான கேமராக்களில் சென்சாருக்குச் சற்று முன்னால், ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகளாக ஷட்டர் அமைந்திருக்கிறது. முதல் திரை விலகி ஒளிக்கு வழிவிட, இரண்டாம் திரை அதைப் பின்தொடர்ந்து வந்து மூடுகிறது. ஷட்டர் வேகம் என்பது திரைகள் ஓடும் வேகமன்று, முதல் திரை கிளம்பியதற்கும் இரண்டாம் திரை கிளம்புவதற்கும் இடைப்பட்ட நேரமே அது. எந்த எண்ணை வைத்தாலும் திரைகள் ஓடும் வேகம் மாறுவதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்ட சென்சாரின் உயரத்தைத் திரை கடக்க நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆகிறது என்று கொள்வோம். 1/60 நொடியில், முதல் திரை மறுமுனையை அடைந்து நெடுநேரம் கழித்தே இரண்டாம் திரை புறப்படுவதால், இடையில் சென்சார் முழுவதும் திறந்திருக்க, அப்போது ஃபிளாஷ் மின்னுகிறது. 1/1000 நொடியிலோ, முதல் திரை மூன்றில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடுவதால், 8 மி.மீ. இடுக்கு ஒன்றுதான் சென்சாரின் மீது நகர்ந்து செல்கிறது. 1/8000 நொடியில் அது 1 மி.மீ. கீற்றாகச் சுருங்குகிறது. அந்நேரத்து மின்னல் இடுக்கு இருக்கும் இடத்தில் மட்டுமே பதியும் என்பதால், படத்தின் எஞ்சிய பகுதி கறுப்புப் பட்டையாகிவிடுகிறது. சென்சார் முழுதும் ஒருசேரத் திறந்திருக்கும் மிக அதிக வேகமே ஒத்திசைவு வேகம். படக்கலைஞர் பேச்சில் 'சிங்க் ஸ்பீடு'.

துணித்திரைகள் படச்சுருளின் 36 மி.மீ. நீளம் முழுவதையும் கிடையாகக் கடந்த காலத்தில் இந்த எல்லை தாழ்ந்தே இருந்தது. 1954இல் வெளிவந்த லைக்கா எம்3 கேமராவுக்கு அது 1/50 நொடி. குறுகிய பக்கமாக, மேலிருந்து கீழே ஓடும் உலோகத் தகடுகள் வந்தபின் எல்லை உயர்ந்தது: 1982இல் நிக்கான் எஃப்எம்2 1/200 நொடியையும், மறு ஆண்டில் எஃப்இ2 1/250 நொடியையும் எட்டின. அதன்பின் இயந்திரத் திரைகள் பெரிதாக முன்னேறவில்லை. லென்ஸுக்குள்ளேயே நடுவிலிருந்து விரியும் இதழ் ஷட்டருக்கு இந்தச் சிக்கலே இல்லை. 1957ஆம் ஆண்டின் ஹாசல்பிளாட் 500சி தன் உச்சமான 1/500 நொடி வரை எல்லா வேகத்திலும் ஃபிளாஷை ஏற்றது.

இந்த எல்லை உண்மையில் உறுத்துவது நண்பகல் வெயிலில்தான். ஐஎஸ்ஓ 100இல், பின்புலத்தை மங்கலாக்க எஃப்/2.8 அளவுக்குத் துளையைத் திறந்தால் ஏறத்தாழ 1/3200 நொடி தேவைப்படுகையில், நிழல் விழுந்த முகத்துக்கு ஒளியூட்ட வந்த ஃபிளாஷ் 1/250இல் கட்டிப்போடுகிறது. ஒளியைக் குறைக்கும் சாம்பல்நிற வடிகட்டி ஒரு வழி. மற்றொன்று 1986இல் ஒலிம்பஸ் கொண்டுவந்த அதிவேக ஒத்திசைவு: ஒரே மின்னலுக்குப் பதிலாக, இடுக்கு கடந்துசெல்லும் நேரம் முழுவதும் ஃபிளாஷ் மிக வேகமாகத் துடித்து, தொடர்விளக்குப் போல எரிகிறது. இதற்கான விலை அதிகம். ஒளியின் பெரும்பகுதி மூடிய திரைமேல் விழுந்து வீணாவதால், ஃபிளாஷ் எட்டும் தூரம் வெகுவாகக் குறைகிறது.

2023இல் சோனி அறிவித்த ஏ9 III கேமராவின் சென்சாரில் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் நின்றுவிடுவதால், அதில் திரையுமில்லை, இடுக்குமில்லை. 1/80000 நொடியிலும் ஃபிளாஷைப் பயன்படுத்தலாம். ஆனால் ஃபிளாஷ் தன் ஒளியைக் கொட்டி முடிப்பதற்குள் அந்த வேகத்தில் பதிவு முடிந்துவிடுகிறது என்பதால், இங்கேதான் முதன்முறையாக ஃபிளாஷை மெதுவானது என்று சொல்ல நியாயம் பிறக்கிறது.